படம் அருமை, ஓரத்தை மட்டும் மறைக்க விடாதீர்கள்

பினாங்கில் லெபோ ஆர்மீனியன் தெருப் பக்கம் ஒரு சந்தில், பழைய படங்களை மறுஅச்சு செய்து பிரேம் போட்டு விற்கும் சின்னக் கடை இருக்கிறது. நான் 31 வருடமாகக் கோட்டு தைப்பவன். தையல் கடைச் சுவருக்காகப் போன மாதம் அங்கே ஒரு படம் வாங்கினேன். பிரேமோடு 95 வெள்ளி.

‘கேலரி தெ மோத்’ என்ற பிரெஞ்சு உடைப் பாணிப் படங்களின் வரிசையில் ஒன்று அது. 1778 முதல் 1787 வரை பாரிஸில் எஸ்னோ, ராபியி என்ற இருவர் வெளியிட்டார்கள். செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் பூசுவார்கள். வண்ணம் வரைகோட்டைத் தாண்டிய இடங்கூட மறுஅச்சில் தெரிகிறது. தாளும் நல்ல கனம். கொடுத்த காசுக்குத் தகும்.

படத்தில் இருப்பவர் அரசவை உடையில் நிற்கிறார். தொப்பி தலையில் இல்லை, கக்கத்தில். பவுடர் போட்ட தலையலங்காரம் கலையக் கூடாதே! அதுவே பிறகு கௌரவமாகி, கக்கத்தில் இடுக்கவென்றே தட்டைத் தொப்பி செய்தார்கள். இடுப்பில் வாள். அதைக் கட்டுவது ஒரு காலத்தில் பிரபுக்களின் உரிமை. கோட்டின் மடிப்பில் ஒரு திறப்பு வைத்து, வாள் நுனி அதன் வழியே வெளியே தெரியும்படி தைத்திருக்கிறார்கள். அந்த மடிப்பு விழும் அழகைத் தையல்காரன் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆனால் பிரேமுக்குள் வைக்கும் வெள்ளை அட்டை அந்த நுனியை மறைத்துவிட்டது. கீழே, உடையை விவரிக்கும் வரியும் ஷூவின் குதியும் போச்சு. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலத்திலிருந்தே சிவப்புக் குதி என்றால் அரசவையில் இடமுள்ளவர் என்று அர்த்தம். என் ஆளின் குதி என்ன நிறம் என்றே தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் திரும்பக் கொண்டுபோனேன். “பிரேம் அளவுக்கு வரணும்னுதான் அங்கிள் அப்படி வெச்சேன்” என்றார் கடைத் தம்பி. வாளையும் குதியையும் பற்றிச் சொன்னதும் உட்கார்ந்து கேட்டார். அரை மணி நேரத்தில் அட்டையை அகலமாக வெட்டி மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. குதி கறுப்பு.

அப்புறம் அவரே இன்னொரு படம் காட்டினார். அதில் இருப்பவர் இங்கிலாந்துப் பாணி ‘பிராக்’ கோட்டு போட்டிருக்கிறார். மடித்த காலர், வாள் இல்லை, கையில் வெறும் கைத்தடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும். சம்பளம் வந்ததும் போகிறேன், இந்த முறை அட்டைக்கு அளவு நான் எடுத்துக் கொடுப்பேன்.