பெர்சோனா 5 ராயலா, டிராகன் குவெஸ்ட் 11 எஸ்ஸா?

கடலூரில் மழைக்காலத்து மின்வெட்டை மனதில் வைத்தால், முதன்முதலாக ஆடும் ஜப்பானிய ஆர்பிஜிக்கு (கதாபாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம்) டிராகன் குவெஸ்ட்தான் பாதுகாப்பு. இடம் மாறும்போது தானாகவே சேவ் ஆகும். தேவாலயத்திலும் கூடாரத்திலும் நாமும் சேவ் செய்யலாம். பெர்சோனாவில் எதிரிகளின் கோட்டையான பேலஸுக்குள் போய்விட்டால் சேஃப் ரூமில் மட்டுமே சேவ். இரண்டு அறைகளுக்கு நடுவில் கரண்ட் போனால் அதுவரை ஆடியது அத்தனையும் போச்சு. டிவியில் பிளேஸ்டேஷன் போட்டு ஆடுபவர்கள் யூபிஎஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். சார்ஜ் உள்ள லேப்டாப் என்றால் கவலையில்லை.

ஆனால் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வதில் பெர்சோனாதான் மேல். ஏப்ரலில் தொடங்கும் பள்ளி ஆண்டு ஒவ்வொரு நாளாக நகரும். மாலையில் யாரோடு பழகுகிறோமோ, அதுவே சண்டையில் புதுத் திறனாக வந்து நிற்கும். இன்னும் ஒரு நாள் ஆடிவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தால் விடிந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம்: ஆட்டத்தின் நாட்காட்டியில் நவம்பர் 18க்குள் பள்ளி ஆலோசகர் மருகியின் நட்பு 9ஆம் படியை எட்டாவிட்டால், கதையின் கூடுதல் பகுதியான மூன்றாம் பருவம் திறக்கவே திறக்காது. கிட்டத்தட்ட 100 மணி நேரம் ஆடிய பிறகு இது தெரிந்தால் வயிறு எரியும். அக்டோபர் தொடக்கத்து சேவ் ஒன்றைத் தனி ஸ்லாட்டில் வைத்திருங்கள்.

டிராகன் குவெஸ்டில் இப்படிக் கெடு கிடையாது. தப்பாகச் செலவழித்த ஸ்கில் பாயிண்ட்டை (திறன் கற்கும் புள்ளி) கூடப் பிறகு பொற்காசு கொடுத்து மீட்கலாம். சண்டை சப்பென்று இருக்கும் என்பதே குறை. அதற்கு மருந்தாக, எதிரிகளை வலுவாக்கும் தேர்வை ஆட்டம் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். நடுவில் அணைக்கலாம், புதிதாகப் போட முடியாது.