மூட்டத்தில் கறுத்த முகங்கள்: நிழலைத் தூக்க எந்த வழி?

மூட்டம் இறங்கிய காலையில் தேயிலை மலையில் எடுத்த படம் என்றால் வானம் வெள்ளை, கொழுந்து பறிப்பவர்களின் முகம் கறுப்பு. வெண்மூட்டத்தைக் கெமராவின் ஒளிமானி நடுச்சாம்பல் நிறமாகக் கணக்கெடுத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எடுக்கும்போதே எக்ஸ்போஷரை (படம் வாங்கும் ஒளியளவை) +1, அதாவது இரு மடங்காக, ஒரு ஸ்டொப் கூட்டியிருந்தால் பாதி வேலை மிச்சம்.

எடுத்து முடிந்த படத்துக்கு முதலில் கை போவது படத்திருத்த மென்பொருளான லைட்ரூமின் ஷேடோஸ் ஸ்லைடருக்கு, இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும் இழுவைக்கு. ரா கோப்பில் (கெமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பில்) +30, +40 வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் +80இல் தொடங்கும். அந்த ஸ்லைடருக்கு முகமும் தேயிலைச் செடியும் ஒன்றுதான். மூட்டப் படத்தில் ஆழம் தெரிவதே கிட்ட உள்ள செடி கறுத்து, தூரத்து மலை வெளுத்து நிற்பதால். கிட்டச் செடியையும் சாம்பலாக்கினால் மூட்டம் வெறும் அழுக்காகிவிடும். கூடவே வெளிச்சப் பகுதிகளுக்கான ஹைலைட்ஸை -100க்கு இறக்கினால் மலை விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். இந்த வழிதான் வேண்டும் என்றால், ஆல்ட் விசையை அழுத்தியபடி பிளாக்ஸ் ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்து, முழுக் கறுப்பாகும் முதல் புள்ளிகள் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். பறிப்பவர்கள் இடுப்பில் கட்டிய படங்குத் துணியின் மடிப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

கர்வ், அதாவது ஒளியளவை வளைகோட்டால் மாற்றும் கருவி, இதைவிடக் கட்டுப்பாடானது. நடுவில் ஒரு புள்ளியைப் பூட்டிவிட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் உயர்த்தலாம். ஆனால் அதுவும் படம் முழுவதற்கும்தான்.

காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்களில் டார்க்டேபிளின் டோன் ஈக்வலைசரை நாங்கள் ஷேடோஸ் ஸ்லைடருக்கு மேலே வைப்போம். -8 முதல் 0 ஈவி (ஸ்டொப்புக்கு இன்னொரு பெயர்) வரை ஒன்பது பட்டைகள்; ஒவ்வொன்றையும் 2 ஸ்டொப் வரை ஏற்றலாம், இறக்கலாம். முதலில் மாஸ்கிங் பகுதியில் எக்ஸ்போஷர், கொன்ட்ராஸ்ட் இரண்டுக்கும் பக்கத்திலுள்ள மந்திரக்கோலை அழுத்துங்கள். இதைத் தவறவிட்டால் படத்தின் ஒளியெல்லாம் இரண்டு மூன்று பட்டைகளில் குவிந்து கிடக்கும், எதை அசைத்தாலும் எல்லாம் அசையும். பிறகு முகத்தின் மேல் சுட்டியை வைத்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அந்த ஒளியளவு மட்டும் ஏறும். முகமும் செடியும் ஒரே இருட்டில் இருந்தால் இதுவும் பிரித்துக் கொடுக்காது.

அப்போது மாஸ்க்தான் வழி: படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் திருத்துவது. லைட்ரூமில் முகத்தை மட்டும் தெரிவுசெய்து, எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றி, வண்ணவெப்பத்தைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். மூட்டத்தின் கீழ் நிழல் நீலம் பாரிக்கும். தூரத்து ஆட்களைக் கருவி அடையாளம் காணாவிட்டால் தூரிகையால் பூச வேண்டும். ஓரத்தை மென்மையாக்காமல் பூசினால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரும், சாமிப் படம் மாதிரி. நேரம் பிடிக்கும் வேலைதான், என்றாலும் ஆட்கள் உள்ள மூட்டப் படத்துக்கு எங்கள் தேர்வு இதுவே.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைக்குள் கதை வேறு. வாசலில் வெயில், அடுப்படியில் கும்மிருட்டு: ஒரே படத்தில் இரண்டும் அடங்காது. முக்காலியில் கெமராவை வைத்து, எஃப் 8, ஐஎஸ்ஓ 100ஐ மாற்றாமல், ஷட்டரை மட்டும் 1/250, 1/60, 1/15 என இரண்டிரண்டு ஸ்டொப்பாக இறக்கி மூன்று படம் எடுத்து, பல படங்களை ஒன்றாக்கும் எச்டிஆர் மெர்ஜில் இணையுங்கள். நிழலில் இரைச்சல் (புள்ளி புள்ளியான கரகரப்பு) குறைவாக வருவது இந்த வழியில்தான். அடுப்புப் புகையும் அசையும் ஆட்களும் இரட்டை உருவமாகத் தெரியலாம். இரட்டை உருவத்தை நீக்கும் டீகோஸ்ட் போட்டால் அந்த இடத்துக்கு ஒரு படத்தையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அது இருண்ட படமாக இருந்தால் இரைச்சல் அங்கே மட்டும் திட்டாகத் தெரியும். வெளியே காற்றில் ஆடும் கொழுந்துக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

எந்த வழியானாலும் எல்லை போடுவது கோப்புதான். 14 பிட் ரா கோப்பின் 16,384 படிகளில் பாதி, அதாவது 8,192, உச்சி ஸ்டொப்புக்கே போய்விடும். ஆறாவது ஸ்டொப்புக்கு மிஞ்சுவது 256. ஜேபெக்கிலோ ஒரு வண்ணத்துக்கு மொத்தமே 256 படிகள். போனில் வந்த ஜேபெக்கில் முக்கால் ஸ்டொப்புக்கு மேல் தூக்கினால் கன்னத்தில் பச்சை, ஊதாத் திட்டுகள் விழும். அதோடு நிறுத்திக்கொண்டு, திட்டு தெரியும் இடத்தில் மட்டும் வண்ணச்செறிவைக் குறையுங்கள்.