ஊர் சோலாருக்குத் திட்டம் போட்டுத் தரும் சேவை: நல்லது எது, கேட்டு வாங்க வேண்டியது எது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஊராட்சிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பொது சோலார் திட்டம் தயாரித்துத் தரும் ஆலோசனைச் சேவை ஒன்று இருக்கிறது. ஊர்க்கூட்டம், கணக்கெடுப்பு, இடத்தேர்வு, திட்ட அறிக்கை வரைதான் அவர்கள் பொறுப்பு. பேனல் விற்பதில்லை. அதுவே பெரிய பலம், ஏனென்றால் விற்பவரே திட்டம் போட்டால் அவர் கிடங்கில் இருக்கும் சரக்குக்கு ஏற்றபடிதான் அளவு வரும். பாலக்கோடு பக்கத்து ஊராட்சி ஒன்றுக்கு அவர்கள் போட்ட 20 கிலோவாட் திட்டத்தை வைத்து இந்த மதிப்பீடு.

அவர்கள் வேலையில் ஆகச் சிறந்தது மின்தேவைக் கணக்கு. பள்ளிக்கூட முற்றத்தில் கோலமாவால் ஊரை வரைந்து, மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் ஊர்க்காரர்களையே குறிக்கச் சொல்கிறார்கள். ஒரு நாளில் மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு புளியங்கொட்டை. தொட்டி ஆபரேட்டர் ஐப்பசிக்கு ஐந்து கொட்டை வைத்தார், சித்திரைக்கு ஒன்பது. கோடையில் நிலத்தடி நீர் இறங்கி போர்வெல்லில் வரத்து குறைவதால், அதே தொட்டியை நிரப்ப மோட்டார் கூடுதலாக ஓடுகிறது. 5 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் நாலரை யூனிட் இழுக்கும். ஐந்து மணி நேரத்துக்கு 22 யூனிட், ஒன்பது மணி நேரத்துக்கு 40. ஒரு கிலோவாட் பேனல் இங்கே சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்தால், 6 கிலோவாட் போதும் என்ற கணக்கு 10 கிலோவாட்டாக ஏறிவிடுகிறது. ஒரே ஒரு கரண்ட் பில்லை மட்டும் பார்த்துப் போடும் திட்டங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். 20 வாட் எல்.இ.டி. விளக்கு நூறு, இரவு 12 மணி நேரம் எரிந்தால் 24 யூனிட். அதற்கு இன்னொரு 6 கிலோவாட். மீதி அங்கன்வாடிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும்.

இடத்தேர்வில் அவ்வளவு கவனம் இல்லை. 20 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 2,000 சதுர அடியாவது வேண்டும். பள்ளி மொட்டைமாடியை மே மாதத்தில் அளந்துவிட்டு, நிழல் இல்லை என்று எழுதிவிட்டார்கள். மே மாதத்தில் உச்சிவெயில் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழியில் அது தெற்கே சாய்ந்து, நண்பகலிலேயே தரையிலிருந்து 54 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். மாடி மட்டத்துக்கு மேல் பத்து மீட்டர் எழும்பி நிற்கும் மரம், வடக்கே ஏழு மீட்டருக்கு நிழல் தள்ளும். காலையிலும் மாலையிலும் அதைவிட நீளம். பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால், ஒன்றிரண்டின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே அடிவாங்கும். மாடியில் கேழ்வரகு காயவைக்கும் பெண்களைக் கேட்டிருந்தால், தெற்கே நிற்கும் புளியமரத்தின் நிழல் எந்த மாதம் எதுவரை வரும் என்று கோடு கிழித்தே காட்டியிருப்பார்கள். மரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சும் எடுபடாது. அதன் புளி ஆண்டுதோறும் ஏலம் போகிறது, அந்த வருமானத்துக்கு யார் பதில் சொல்வது?

அறிக்கையில் மாற்று இடமாக மேய்ச்சல் புறம்போக்கைக் காட்டியிருக்கிறார்கள். ஆடு ஓட்டுபவர்கள் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் அவர்கள் காட்டில் இருப்பார்கள், நூறுநாள் வேலைக்காரர்கள் வேலையில் இருப்பார்கள், ஓசூர் கம்பெனிக்குப் போகிறவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். இரவு ஏழு மணிக்கு, தெருத்தெருவாகக் கூட்டம் கேளுங்கள். பெண்களுக்குத் தனி அமர்வும் வேண்டும். வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இவர்களிடமும் இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. முடிவு கிராமசபைத் தீர்மானமாகவே வர வேண்டும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரையுள்ள ஊராட்சியில் அதற்கு 100 பேர் வந்தாக வேண்டும்.

முதல் கூட்டத்திலேயே சொல்ல வேண்டிய ஒன்றை இவர்கள் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்: பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு சேர்ந்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியர்மேல் மின்சாரம் பாயாமல் இருக்க, பேனல் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில் வைத்திருக்கும் பாதுகாப்பு அது. ஊரில் பாதிப்பேர் 'இனி பவர் கட் இல்லை' என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். முதல் பவர் கட்டிலேயே அந்த நம்பிக்கை உடைந்தால், பிறகு எந்தக் கூட்டத்துக்கும் ஆள் வராது.

முன்மாதிரியாக குஜராத்தின் துண்டி கிராமத்தைக் காட்டுகிறார்கள். 2016-இல் ஆறு விவசாயிகளோடு தொடங்கிய சோலார் பாசனக் கூட்டுறவு அது. டீசல் செலவு மிச்சம், மீதி மின்சாரத்தை விற்றால் வருமானம். நல்ல முயற்சிதான், ஆனால் இலவச விவசாய மின்சாரம் இருக்கும் நம் விவசாயிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நமக்கு ஓடந்துறை நெருக்கம். கோவை மாவட்டத்து அந்த ஊராட்சி 2006-இல் கடனும் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைத் தன் பெயரிலேயே போட்டது. ஊராட்சியின் மின்செலவைத்தான் அது குறிவைத்தது, இங்கேயும் குறி அதுதான்.

பராமரிப்புக்கு அரைப்பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், போதாது. இங்குள்ள போர்வெல் தண்ணீரால் பேனல் கழுவினால் உப்புப் படிந்து கண்ணாடி வெளுத்துவிடும். மழைநீரோ ஒகேனக்கல் குடிநீரோதான் சரி, அதுவும் கண்ணாடி சூடாகுமுன் விடியற்காலையில். கிரானைட் குவாரி பக்கத்து ஊர் என்றால் இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும். பேனல் 25 ஆண்டு நின்றாலும் இன்வெர்ட்டரைப் பாதி வழியில் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான பணத்தை முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட வேண்டும்.

சேவையை எடுக்கலாம், மின்தேவைக் கணக்குக்காக மட்டுமே கூட எடுக்கலாம். கட்டணத்தை மூன்று தவணையாகப் பேசுங்கள்: கணக்கெடுப்பு முடிந்ததும் ஒன்று, மார்கழி நிழலையும் சேர்த்து இட அறிக்கை வந்ததும் ஒன்று, கிராமசபைத் தீர்மான நகல் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணை.