700சி சைக்கிளில் 29 இன்ச் ஷாக் மாட்டிவிடுகிறார்கள், கவனம்

700சி சக்கரம் போட்ட ஹைபிரிட் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். குழி ரோட்டில் கை வலிக்கிறது என்று சொன்னால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சாதா ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, 29 இன்ச் எம்டிபி (மலைச் சைக்கிள்) ஷாக்கை, அதாவது ஸ்பிரிங் மாதிரி அமுங்கும் ஃபோர்க்கை, மாட்டிவிடுகிறார்கள். “700சியும் 29ம் ஒரே ரிம்தாங்க, அப்படியே உட்காரும்” என்பார்கள். ரிம் ஒன்றுதான், டயர் உட்காரும் இடத்தில் இரண்டுக்கும் விட்டம் 622 மி.மீ. ஃபோர்க்கின் உயரத்தைப் பற்றி மட்டும் பேச்சே வராது.

அப்படி மாட்டி எங்களிடம் வந்த ஒரு வண்டியின் கணக்கு இது. பழைய ஃபோர்க், ஆக்சில் நடுவிலிருந்து கிரவுன் (ஃபோர்க்கின் இரண்டு காலும் மேலே சேரும் இடம்) வரை 400 மி.மீ. புது ஷாக் 500. ஆள் உட்கார்ந்தால் 20 அமுங்கும். அப்படியும் முன்பக்கம் 80 மி.மீ. தூக்கியே நிற்கிறது. 20 மி.மீ. ஏறினால் ஹெட் டியூப் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஃபிரேமின் முன் குழாய்) ஏறக்குறைய ஒரு டிகிரி படுக்கும். ஆக 71 டிகிரி 67 ஆகிவிட்டது.

ஹெட் டியூப் வழியாக ஒரு கோட்டைத் தரைவரை நீட்டுங்கள். அது தரையில் படும் இடத்துக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் டிரெயில். இந்த வண்டியில் அது 72லிருந்து 98 மி.மீ. ஆகியிருந்தது. டிரெயில் கூடினால் வேகத்தில் வண்டி நேராகவே போகும், அதனால் கடை வாசலில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சந்தில் மெதுவாகத் திரும்பும்போதுதான் ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் விழும், கையால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். சீட்டும் பெடலுக்குப் பின்னால் 5 செ.மீ. போய்விடுவதால், மேம்பாலம் ஏறும்போது முன்சக்கரம் லேசாகித் தடுமாறும்.

இதைச் சொல்லிக் கடைக்குத் திரும்பப் போன வண்டியின் சொந்தக்காரரிடம் “ஹெட் பேரிங் லூசு” என்று தனியாகக் காசு வாங்கி இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதுதான் பெரிய கொடுமை. பேரிங் இறுகினால் ஹேண்டில் தானாகத் திரும்பிச் சமன் செய்ய முடியாது, நேர் ரோட்டிலேயே வண்டி பாம்பு மாதிரி நெளியும். இவருக்கும் அதுதான் நடந்தது.

ஃபோர்க் மாற்றும் முன் டேப்பை எடுத்துப் பழையதை நீங்களே அளந்துகொள்ளுங்கள். புதியது, ஆள் உட்கார்ந்த நிலையில், அதைவிட 15 மி.மீ.க்கு மேல் உயரம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆஃப்செட்டையும் (ஹெட் டியூப் கோட்டுக்கு ஆக்சில் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்ற அளவு) கேளுங்கள், டிரெயில் அதையும் பொறுத்தது. உயரம் தெரியாது என்று சொல்லும் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள். கை வலிதான் பிரச்சினை என்றால், ஃபிரேமில் இடமிருந்தால் 40 மி.மீ. டயர் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே பாதி வலி போய்விடும், ஷாக்கை விடச் செலவும் குறைவு.

பழைய ஃபோர்க்கைக் கையோடு வாங்கி வாருங்கள். இவருடையது ஏற்கெனவே பழைய இரும்புக்குப் போய்விட்டது, அதே உயரத்தில் வேறு தேட வேண்டியதாயிற்று.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா? ஹெட் டியூபுக்குக் கீழே, டவுன் டியூப் (அங்கிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் குழாய்) சேரும் வெல்டிங்கைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். நீளமான ஃபோர்க் அந்த இடத்தைத்தான் நெம்பும். பெயிண்டில் முடி அளவு கோடோ சுருக்கமோ தெரிந்தால், அந்த வண்டியில் ஏறவே ஏறாதீர்கள்.