ஹெலிகாப்டர் டிரான்ஸ்மிட்டர் பேட்டரி: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிடும் பலர், ஹெலிகாப்டரில் மாட்டும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடக் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் (கட்டுப்பாட்டு ரிமோட்டின்) பேட்டரிக்குக் காட்டுவதில்லை. ஹெலிகாப்டர் பேட்டரி தளர்ந்தால் ரோட்டரின் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும், உடனே தரையிறக்கலாம். டிரான்ஸ்மிட்டர் அணைந்துவிட்டாலோ கட்டுப்பாடு முழுவதும் போய்விடும். ஹெலிகாப்டரிலுள்ள ரிசீவர், சிக்னல் அறுந்ததும் முன்பே அமைத்த நிலைக்கு மாறும் ஃபெயில்சேஃபுக்குச் சென்றாலும் ஹெலிகாப்டர் விழுவதைத் தடுப்பது அரிது.

நான் நெடுங்காலம் பயன்படுத்திய முதல் டிரான்ஸ்மிட்டரில் எட்டு செல் கொண்ட 9.6 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இருந்தது. உடன் வந்த சாதாரண சார்ஜருக்குத் தானாக நிற்கும் வசதி கிடையாது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 14 முதல் 16 மணி நேரம் ஏற்றிவிட்டு நாமே கழற்ற வேண்டும். விரைவாக ஏற்ற விரும்புபவர்கள் டிஜிட்டல் சார்ஜரை டிரான்ஸ்மிட்டரின் சார்ஜிங் ஜாக்கிலேயே செருகுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பழைய மாடல்கள் பலவற்றில் ஜாக்குக்கும் பேட்டரிக்கும் நடுவே, மின்சாரம் திரும்பிப் பாயாமல் தடுக்கும் டயோடு ஒன்று இருக்கும். அது குறுக்கே நிற்பதால் பேட்டரியின் உண்மையான வோல்டேஜ் சார்ஜருக்குத் தெரியாது. சில சார்ஜர்கள் பேட்டரியே இல்லை என்று பிழை காட்டும். நிரம்பியதும் செல்லுக்குச் சில மில்லிவோல்ட் மட்டுமே இறங்கும் அந்தச் சிறு சரிவை வைத்தே சார்ஜர் நிற்கிறது என்பதால், பேட்டரியை வெளியே எடுத்து நேராக இணைப்பதே சரி. ஜாக்கின் நடுமுனை சில நிறுவனங்களில் பாசிட்டிவாகவும் சிலவற்றில் நெகட்டிவாகவும் இருப்பது இன்னொரு காரணம்.

பிறகு இரண்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறினேன். அது உறுதியானது, ஆயுளும் அதிகம். ஆனால் வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, முடியும் தறுவாயில் சட்டென்று சரிவதால், எச்சரிக்கை ஒலிக்கும்போது கையில் நேரம் மிஞ்சாது. டைமரை நம்பித்தான் பறக்கவிட வேண்டும். இப்போது நான் வைத்திருக்கும் இரண்டு செல் லித்தியம் அயன் பேட்டரி படிப்படியாக இறங்குவதால் அதையே விரும்புகிறேன்; எச்சரிக்கையை 7.0 வோல்டில் வைத்திருக்கிறேன்.

சார்ஜரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. லித்தியம் அயன் செல்லுக்கு உச்சம் 4.2 வோல்ட், இரும்பு பாஸ்பேட்டுக்கு 3.6 வோல்ட். வகை மாறினால் பின்னது அளவுக்கு மீறி ஏற்றப்பட்டுக் கெட்டுவிடும். செல்களைச் சம அளவில் ஏற்ற உதவும் பேலன்ஸ் வயர் இருந்தால் அதையும் இணைத்து, கொள்ளளவில் பாதி மின்னோட்டத்தில், வெறும் டைல்ஸ் தரையில் வைத்து, விழித்திருக்கும் மாலை நேரத்திலேயே ஏற்றிவிடுகிறேன். வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த பேட்டரி ஆறும் வரை அதைச் சார்ஜரில் போடுவதில்லை.

ஏற்றி முடித்துச் சில மணி நேரம் கழித்து ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து பார்ப்பேன். ஒரு செல் மட்டும் தொடர்ந்து பின்தங்கினாலோ, உறை சற்றே உப்பினாலோ அந்தப் பேட்டரியை டிரான்ஸ்மிட்டரில் மறுபடி போடுவதில்லை. மாற்றுப் பேட்டரி கைக்கு வரும் வரை ஹெலிகாப்டரையும் எடுப்பதில்லை.