மினி லேத்: டூல் முனையும் டெயில்ஸ்டாக் நட்டும்

உலோக ராடைச் சுழலவிட்டுக் கடையும் மேசை அளவு மெஷினான என் மினி லேத்தின் கன்ட்ரோல் போர்டு எரிந்துபோய், சரிசெய்து, மெஷின் இப்போதுதான் மறுபடியும் ஓட ஆரம்பித்திருக்கிறது. அது தெரிந்து அலுவலகத்தில் ஒரு தம்பி, “நானும் இதே மாதிரி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், வாங்கலாங்களாண்ணா?” என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மெஷினால் எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்று கிடைத்திருக்கிறது, தீராத கோபம் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் முழுதாகச் சொல்லாமல் வாங்கு, வாங்காதே என்பது நியாயமாகாது.

சீனாவில் தயாராகி, ஆளுக்கொரு நிறத்தில் ஆளுக்கொரு பெயரில் விற்கிற அதே 7x14 (இஞ்ச் கணக்கு) மெஷின்தான் என்னுடையது. 180 மி.மீ. ஸ்விங் (பிடிக்கக்கூடிய அதிகபட்ச விட்டம்), சென்டர்களுக்கு நடுவே 350 மி.மீ. நீளம், வேலையைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் எம்.டி.3, எதிர்முனையில் தாங்கும் டெயில்ஸ்டாக்கில் எம்.டி.2 (மோர்ஸ் டேப்பர் என்கிற கூம்புத் துளையின் அளவு). இந்த மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். வாட்ஸ் கணக்கைப் பார்த்து மட்டும் யாரும் மயங்க வேண்டாம். வேகம் குறையக் குறைய இந்த மோட்டாரின் பவரும் குறைந்துகொண்டே போகும். விளம்பரத்தில் போட்டிருக்கும் வாட்ஸ் மேல் வேகத்துக்கானது. நமக்கு பவர் தேவைப்படுவதோ கீழ் வேகத்தில். அதற்காகத்தான் லோ கியர் இருக்கிறது, அதைத் தயங்காமல் போட வேண்டும்.

போர்டு எரிந்ததை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். டூல் ராடில் மாட்டிக்கொண்டு, ராடைப் பிடித்துச் சுழற்றும் சக் நின்றுவிட்டால் கரன்ட் ஏறும், போர்டில் மோட்டார் கரன்டைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் போகும். விற்றவர்கள் முழு போர்டையும் வாங்கத்தான் வேண்டும் என்றார்கள். யூ.பி.எஸ். பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் போன பாகத்தை மட்டும் மாற்றி ஓட வைத்துவிட்டார். விஷயம் முடிந்தது.

முதலில் சந்தோஷத்தைச் சொல்கிறேன்.

மினி லேத் வாங்குகிற அனேகம் பேர் அதோடு சேர்த்து இன்செர்ட் டூல் செட் ஒன்றும் வாங்குகிறார்கள். மரப்பெட்டியில் ஏழெட்டு டூல், தங்க நிறக் கார்பைட் இன்செர்ட்டுகள் (மாற்றிப் போடும் வெட்டு முனைகள்). பார்க்க அழகாகத்தான் இருக்கும். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடு ஒன்றைப் பிடித்து ஓட்டினால் ஃபினிஷ் கிழிந்த மாதிரி வரும், கிர்ரென்று அதிரும். மெஷின் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாதி நேரம் மெஷின்மேல் தப்பில்லை.

சி.சி.எம்.டி. என்ற சாதாரண வகை இன்செர்ட்டின் வெட்டும் விளிம்பு உற்பத்தியிலேயே லேசாக மழுக்கப்பட்டிருக்கும். பெரிய மெஷினில் ஒரு மில்லி, இரண்டு மில்லி ஆழம் கொடுத்து வெட்டும்போது முனை உடையாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நாம் கொடுப்பது 0.05, 0.1 மி.மீ. அந்த ஆழத்தில் அந்த விளிம்பு வெட்டாது, உரசும். உரசினால் வேலைப்பாகம் தள்ளிக்கொண்டு போகும், டூல் போஸ்ட் வளையும், பிறகு சடக்கென்று உள்ளே கடிக்கும். வேகமும் ஒரு பிரச்சினை. 25 மி.மீ. எம்.எஸ். ராடை கார்பைட்டில் நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகத்தில் வெட்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய 1500 ஆர்.பி.எம். வேண்டும். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு 30 மீட்டர் போதும், அதாவது 380 ஆர்.பி.எம். நாற்பது கிலோ சொச்சம் எடையுள்ள மெஷினுக்கு எது பொருந்தும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர்தான் எனக்கு டூல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். “டூலு வெட்டோணும், ஒரசக் கூடாது” என்பது அவர் அடிக்கடி சொல்வது. கால் இஞ்ச் சதுர ஹெச்.எஸ்.எஸ். பிட் ஒன்றைக் கையில் கொடுத்து கிரைண்டர் முன்னால் நிறுத்தினார். முன்பக்கம் எட்டு, பத்து டிகிரி சரிவு, பக்கவாட்டிலும் அதே அளவு, மேலே எம்.எஸ்.ஸுக்குப் பன்னிரண்டு, பதினைந்து டிகிரி ரேக் (மேல்முகச் சாய்வு). கோணமானி வைத்து அளக்கவெல்லாம் விடமாட்டார். சாணையில் பிடித்த முகம் ஒரே தளமாக வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொல்வார். கடைசியில் முனையை எண்ணெய்க் கல்லில் தீட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு உருட்டச் சொல்வார்.

அந்த பிட்டைப் போட்டு அதே மினி லேத்தில் எம்.எஸ். வெட்டியபோது சுருள் நீளமாக, அமைதியாக வந்து விழுந்தது. அதே மெஷின், அதே ராடு. சத்தமே வேறு மாதிரி இருந்தது. இன்றைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. ஒரு பிட்டிலேயே இரண்டு முனை தீட்டலாம்: ஒரு பக்கம் டர்னிங், மறுபக்கம் ஃபேசிங், இன்னொரு பிட்டில் த்ரெட்டுக்கு 60 டிகிரி. மழுங்கினால் கல்லில் இரண்டு இழுப்பு, திரும்பவும் புதுசு. மிராண்டா எஸ்-400 மாதிரி கோபால்ட் கலந்த பிட் கிடைத்தால் இ.என்.8 என்ற இன்னும் கடினமான ஸ்டீல் வரைக்கும் கவலையே இல்லை. பித்தளைக்கு மட்டும் ரேக் கூடாது, மேல்முகம் தட்டையாக இருக்க வேண்டும். எம்.எஸ். டூலையே பித்தளைக்குப் போட்டால் கடித்து இழுத்துவிடும். அலுமினியத்துக்கு ரேக்கைத் தாராளமாகக் கொடுத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் கண்ணாடி மாதிரி வரும்.

கார்பைட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சி.சி.ஜி.டி. என்று ஒரு வகை உண்டு, அலுமினியத்துக்காகக் கூர்மையாகத் தீட்டிப் பளபளப்பாக்கிய இன்செர்ட். அது இந்த மெஷினில் எம்.எஸ்.ஸையும் அருமையாக வெட்டும். விட்டுவிட்டு வெட்டுகிற வேலையில், அதாவது சதுர ராடு, சாவிப்பள்ளம் இருக்கிற ஷாஃப்ட் போன்றவற்றில் மட்டும் அது சட்டென்று பொரிந்துவிடும். நோஸ் ரேடியஸ், அதாவது முனையின் வளைவு, 0.2 அல்லது 0.4 மி.மீ. போதும். 0.8 எல்லாம் இந்த மெஷினை ஆட்டி வைத்துவிடும். போரிங்குக்கு நான் இன்செர்ட் பார்தான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் சின்ன துளைக்குள் ஹெச்.எஸ்.எஸ். டூலைத் தீட்டி நுழைப்பது தனி வித்தை. பட்டறைகளில் விடியா டிப் என்று சொல்கிற, கார்பைட் முனையைப் பிரேஸ் செய்து ஒட்டிய டூலை நமக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதைத் தீட்டப் பச்சைக் கல் வேண்டும், ஹெச்.எஸ்.எஸ்.ஸுக்கு வைத்திருக்கும் வெள்ளைக் கல்லில் பிடிக்கக் கூடாது. வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

டூல் உயரம் பற்றி ஒரு வார்த்தை. மெஷினோடு வரும் நாலு பக்க டூல் போஸ்ட்டில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் சென்டருக்குக் கொண்டுவர வேண்டும். உடைந்த ஹேக்ஸா பிளேடு அதற்கு நல்ல ஷிம். டூலுக்கும் ராடுக்கும் நடுவே சின்ன ஸ்டீல் ஸ்கேலை மெதுவாக அழுத்திப் பாருங்கள், ஸ்கேல் நேர்குத்தாக நின்றால் சென்டர் சரி. மேலே நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. க்விக் சேஞ்ச் டூல் போஸ்ட் வாங்கினால் இந்த வேலை ஒரு ஸ்க்ரூவில் முடிந்துவிடும். காசு இருந்தால் மோட்டார் வாட்ஸுக்குக் கொடுக்கிறதை இதற்குக் கொடுங்கள்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். டெயில்ஸ்டாக்.

என் மெஷினில் டெயில்ஸ்டாக்கை பெட்டோடு, அதாவது அது நகரும் அடித்தளத்தோடு, இறுக்குவது ஒரே ஒரு நட்டு. லீவர் கிடையாது, ஸ்பேனர்தான். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். டேபிள் ஃபேனுக்கு ஒரு கன்மெட்டல் புஷ் (தண்டு சுழலும் சின்னக் குழல்) செய்து பாருங்கள், அப்போது புரியும். ஃபேஸ் பண்ண வேண்டும், அதாவது முகப்பைத் தட்டையாகக் கடைய வேண்டும். டெயில்ஸ்டாக்கைக் கொண்டுவந்து சென்டர் டிரில். பிறகு சின்ன டிரில், அது நீளம், எனவே நட்டைத் தளர்த்தி டெயில்ஸ்டாக்கைப் பின்னால் இழுக்க வேண்டும், இறுக்க வேண்டும். பிறகு பெரிய டிரில், மறுபடியும் தளர்த்து, இறுக்கு. பிறகு துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமர், அது இன்னும் நீளம். நடுவில் பிசிறை வெளியே எடுக்க டிரில்லை முழுதாக வெளியே இழுக்க வேண்டியிருக்கும். டிரில்லை முன்னே தள்ளும் க்வில்லின் ஓட்டமோ குறைவு. முழுதாகப் பின்னால் சுற்றினால் டிரில் சக்கைத் தானே தள்ளி வெளியே விட்டுவிடும், ஆகவே இருக்கிற ஓட்டத்திலும் கொஞ்சம் வீண். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனரைத் தேடி, பிசிறுக்குள் கைவிட்டு, நட்டைப் பிடித்து, கால் சுற்று, விடு, மறுபடி பிடி. வேலையின் ஓட்டமே அறுந்துபோகிறது. வெட்டுகிற நேரத்தைவிட இறுக்குகிற நேரம் அதிகம் என்றால் அந்த மெஷினை வடிவமைத்தவர் அதில் ஒரு புஷ்ஷாவது செய்து பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு மருந்து இருக்கிறது, உலகம் முழுக்க இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் செய்கிற மருந்து: கேம் லாக். ஒரு ஷாஃப்ட்டில் 1.5 மி.மீ. தள்ளி எக்சென்ட்ரிக் (மையம் விலகிய வட்டம்) கடைந்து, கைப்பிடி போட்டு, கீழே இருக்கும் கிளாம்ப் தட்டைத் தூக்கிப் பிடிக்கச் செய்வது. நாலு தாடை சக்கில் ராடைத் தள்ளிப் பிடித்து நானும் செய்து போட்டேன். கைப்பிடியை ஒரு தட்டு தட்டினால் இறுகுகிறது, ஒரு தட்டில் விடுகிறது. அருமையாக வேலை செய்கிறது. அதனால்தான் கோபம் இன்னும் கூடியிருக்கிறது. என்னாலேயே வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்ய முடிந்த ஒன்றை ஃபேக்டரியில் ஏன் போடவில்லை? இதே வகையில் சில மெஷின்கள் லீவரோடு வருகின்றன. வாங்கும்போது மற்ற எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள்.

அதோடு முடிந்திருந்தால் மன்னித்திருப்பேன். டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி ஸ்பிண்டிலுக்கு நேராக்க வேண்டிய நேரம் எல்லோருக்கும் வரும். அதன் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் பிணைக்கும் ஸ்க்ரூவை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அடியில். டெயில்ஸ்டாக்கை பெட்டிலிருந்து முழுதாகக் கழற்றித் திருப்பினால்தான் தொட முடியும். டயல் கேஜ் வைத்துப் பார்த்து, கழற்றி, தளர்த்தி, தட்டி, இறுக்கி, மாட்டி, மறுபடியும் பார்த்தால் நகர்ந்திருக்கும். 0.05 மி.மீ. விலகியிருந்தால்கூட இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்துக் கடையும் ஷாஃப்ட் ஒரு முனையில் 0.1 மி.மீ. வித்தியாசம் காட்டும். பேரிங் போடுகிற ஷாஃப்ட்டில் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். இதை மட்டும் நான் இன்னும் திருத்தவில்லை. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்கிறேன்.

மற்றவை சில்லறை. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் ஆட்டத்தை எடுக்கும் ஜிப் ஸ்க்ரூக்களை வாங்கிய அன்றே சரிசெய்யுங்கள், பார்ட்டிங் பண்ணும்போது (ராடை வெட்டிப் பிரிக்கும்போது) வரும் அதிர்வில் பாதி அங்கேதான் இருக்கிறது. பார்ட்டிங்கின்போது டூலைச் சுமந்து நகரும் சாடிலைப் பூட்ட மறக்கக் கூடாது. ஸ்பிண்டிலில் இருக்கும் 6206 பேரிங்கை எடுத்துவிட்டு 30206 டேப்பர் ரோலர் போடுகிறவர்கள் உண்டு, பலன் நிஜம், ஆனால் அது 1.25 மி.மீ. தடிமன் அதிகம், ஸ்பேசரைக் குறைக்க வேண்டும். த்ரெட் வெட்டும்போது சாடிலை இழுக்கும் லீட் ஸ்க்ரூவும் எம்10 த்ரெட்டும் ஒரே 1.5 மி.மீ. பிட்ச் என்பதால், எம்10-க்கு அந்த ஸ்க்ரூவைப் பற்றும் ஹாஃப் நட்டை எங்கே வேண்டுமானாலும் திறந்து மூடலாம். எம்6, எம்8 என்றால் திறக்காமல் மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் பின்னால் வர வேண்டும். பிளாஸ்டிக் கியர்களைப் பலர் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன், ஏதாவது மோதினால் பல் போவது அதில்தான், மெஷின் தப்பிக்கிறது.

சரி, தம்பிக்கு என்ன பதில்?

தரைத்தளத்தில் வீடு, கொஞ்சம் இடம், த்ரீ ஃபேஸ் அல்லது இன்வெர்ட்டர் டிரைவ் போட வசதி இருந்தால் இதை வாங்க வேண்டாம். நம்ம ஊரில் பட்டறையை மூடுகிறவர்கள் பழைய நாலரை அடி லேத்தை விற்கிறார்கள். பெட்டில் சக் பக்கம் தேய்மானம் இருக்கும், விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். இருந்தாலும் பரவாயில்லை. அதன் டெயில்ஸ்டாக்கைப் பிடித்து இறுக்கிப் பாருங்கள், அப்போது நான் ஏன் இவ்வளவு பேசினேன் என்று புரியும். நான் இத்தனை பாராட்டிய ஹெச்.எஸ்.எஸ். பிட் அதிலும் அதே மாதிரி, இன்னும் நன்றாக வெட்டும்.

மாடி வீடு, ஃபிளாட் என்றால் வேறு வழியில்லை, மினி லேத்தான். லீவர் வைத்த டெயில்ஸ்டாக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்செர்ட் செட்டுக்குக் கொடுக்கும் காசில் பெஞ்ச் கிரைண்டர் ஒன்றும், வெள்ளைக் கல்லும், கால் இஞ்ச் பிட் நாலும் வாங்குங்கள். முதல் பிட்டைத் தீட்டும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தால் நானே கூட நின்று காட்டுகிறேன், என் கிரைண்டரிலேயே பழகிக்கொள்ளலாம்.