கவிதை வட்டத்துக்கு எந்தச் செயலி? வாட்ஸ்அப், டெலிகிராம், கூகுள் டாக்ஸ்: ஒரு மதிப்பீடு

ஆறேழு பேர் இணையத்தில் சேர்ந்து, ஒருவர் கவிதையை ஒருவர் படித்து, கைதூக்கிவிட்டு எழுதப் பழகுகிறார்கள். அதற்கென்றே செய்த செயலியைத் தேடாமல், கையில் இருக்கிற பொதுச் செயலிகளில்தான் பெரும்பாலான வட்டங்கள் நடக்கின்றன. அவற்றை இங்கே ஒரே அளவுகோலால் பார்க்கிறோம்: படித்தவர் ஒரு குறிப்பிட்ட வரியைத் தொட்டு, "இது மனதில் நின்றது", "இங்கே தடுக்கியது" என்று சொல்ல அந்தச் செயலி வசதி தருகிறதா? எழுதுகிறவருக்கு அடுத்த கவிதைக்கான தெம்பு, தன் வரியை இன்னொருவர் நின்று படித்தார் என்று தெரியும்போதுதான் வருகிறது. "அருமை" என்பதைப் படிக்காமலேயே போட்டுவிடலாம், வாங்குகிறவருக்கும் அது தெரியும்.

முதலில் வாட்ஸ்அப். பல வட்டங்கள் அங்கேதான் பிறக்கின்றன. புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், வயதில் மூத்தவர்களுக்கும் பழகிய இடம். ஆனால் நம் அளவுகோலில் இது தோற்றுப்போகிறது. "ரிப்ளை" கொடுத்தால் செய்தி முழுவதும் மேற்கோளாகும். பதினாறு வரிக் கவிதையில் ஒன்பதாம் வரியை மட்டும் சுட்ட வேண்டுமானால், மொத்தத்தையும் நகலெடுத்து, வேண்டாததை அழித்துவிட்டு ஒட்ட வேண்டும். அவ்வளவு மெனக்கெட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பக்கத்திலேயே கட்டைவிரலும் இதயமும் காத்திருக்கும்போது விரல் அங்கேதான் போகும். எட்டு இதயம் வாங்கிய கவிதையை எட்டுப் பேர் படித்தார்களா, தள்ளிக்கொண்டே போனார்களா என்று சொல்லவே முடியாது. எண்ணிக்கை கண்ணில் படுவதால், "அவருக்கு எட்டு, எனக்கு மூன்று" என்ற கணக்கும் மெல்லத் தொடங்கிவிடும். கவிதைக்கு எமோஜி கூடாது என்று முதல் நாளே விதி வைக்கும் வட்டங்கள் கொஞ்சம் கறாராகத் தோன்றலாம், ஆனால் அவைதான் நீடிக்கின்றன.

வரியைச் சுட்ட ஒரு குறுக்கு வழி இருக்கிறது. "2/3" என்றால் இரண்டாம் பத்தியின் மூன்றாம் வரி என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எண் போட்டு அனுப்பலாமே என்று தோன்றும், வேண்டாம். "1." என்று தொடங்கும் வரியை வாட்ஸ்அப் பட்டியலாக்கி உள்ளே தள்ளிவிடும். இடைக்கோடும் ஓர் இடைவெளியும் வைத்துத் தொடங்கினால் புள்ளிப் பட்டியலாகும். சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி இருந்தால் அது தடித்த எழுத்தாகிவிடும். உரையாடல் வரிகளை இடைக்கோட்டில் தொடங்கும் பழக்கமுள்ளவர்கள் அனுப்பும் முன் ஒருமுறை தனக்குத்தானே அனுப்பிப் பார்ப்பது நல்லது.

நீண்ட அடிகளுக்கு இன்னொரு இடைஞ்சல். ஒரு நாற்சீர் அடி சிறிய திரையில் இரண்டாக மடியும். எது கவிஞர் உடைத்த வரி, எது திரை உடைத்த வரி என்று தெரியாது. அடிகளுக்கு இடையே ஒரு வெற்று வரி விடுவதுதான் எளிய தீர்வு. செய்தி நீளமானால் "மேலும் படிக்க" என்று மடித்துவிடும், கவிதையின் உயிர் பெரும்பாலும் அந்த மடிப்புக்குக் கீழேதான் இருக்கும். இதற்கெல்லாம் பயந்து கவிதையைப் படமாக்கி, பின்னணியில் நிலாவையும் வைத்து அனுப்புவது மிக மோசமான தேர்வு. படத்திலிருந்து வரியை எடுத்துச் சுட்டுவது சிரமம், பின்னால் தேடினால் கிடைக்காது, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பானை நம்பியிருப்பவருக்கு அங்கே நிலா மட்டும்கூட இல்லை.

வாட்ஸ்அப் ஜெயிக்கிற இடம் வாய்ஸ் மெசேஜ். கவிதையை எழுதியவரே வாசித்து அனுப்பினால், எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார் என்பது கேட்கும். அவர் மூச்சு வாங்கும் இடமும் எழுத்தில் உள்ள வரி முறிவும் பொருந்தாவிட்டால் திருத்த வேண்டிய இடம் அதுதான். கருத்தையும் குரலில் சொல்லலாம். எழுத்தில் கடுமையாகத் தெரியும் அதே வாக்கியம் குரலில் நட்பாகவே இறங்கும்.

ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதைக் கவிதை வட்டம் மறந்துவிடுவது நல்லது. எட்டுப் பேருக்கு மேல் போனால் "வேறு யாராவது படித்திருப்பார்கள்" என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம், ஆகவே இரண்டாம் வடிவத்தை முதல் வடிவத்துக்கே ரிப்ளையாக அனுப்பும் பழக்கம் தேவை. இல்லாவிட்டால் நாற்பது "காலை வணக்க"ங்களுக்கு நடுவில் இரண்டும் பிரிந்து போகும்.

டெலிகிராம் நம் அளவுகோலில் பாஸ். ரிப்ளை கொடுக்கும்போது செய்தியின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து மேற்கோளாக வைக்கலாம். 2023 இல் வந்த இந்த ஒரு வசதிக்காகவே வட்டத்தை இடம் மாற்றலாம். கவிதையை ஒரு முறை தட்டி ரிப்ளை என்று போய், மேலே தெரியும் மேற்கோளைத் திறந்து, வேண்டிய வரியை மட்டும் குறித்தால் போதும். குழு அமைப்பில் "டாபிக்ஸ்" என்பதை இயக்கினால் ஆளுக்கு ஓர் அறை கிடைக்கும், அரட்டைக்குத் தனி அறை. புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடலைக் காட்டும்படி வைக்கலாம், எந்தத் தொனியில் இங்கே பேசுகிறார்கள் என்று அவர் பார்த்துப் பழகிக்கொள்வார். தனியுரிமை அமைப்பில் தொலைபேசி எண்ணை "யாருக்கும் காட்டாதே" என்று வைத்துவிட்டால் புனைபெயர் புனைபெயராகவே இருக்கும். முன்பின் தெரியாதவர்களோடு எழுத வரும் பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வாட்ஸ்அப் குழுவில் எண் வெளியே தெரியும் என்பதாலேயே சேராமல் நிற்கிறவர்கள் உண்டு.

குறைகளும் உண்டு. அனுப்பியதை 48 மணி நேரம் வரை திருத்தலாம் என்பது வசதிபோலத் தோன்றும், கவிதை வட்டத்தில் அதுவே வினை. "மூன்றாம் வரியில் 'வானம்' இரண்டு முறை வருகிறது" என்று ஒருவர் சொல்வார். கவிஞர் ஓசைப்படாமல் மாற்றிவிடுவார். அடுத்து வருபவருக்குச் சொன்னவர் பைத்தியமாகத் தெரிவார். முந்தைய வடிவம் மற்றவர்களுக்குக் கிடைக்காது. ஒரு நாளில் பத்துக் கவிதை கொட்டுபவரை அடக்க ஒருவரின் இரு செய்திகளுக்கு இடையே காத்திருக்க வைக்கும் "ஸ்லோ மோடு" உதவும் என்று சிலர் சொல்வார்கள், உதவாது. அது கவிதையை மட்டுமல்ல, கருத்தையும் சேர்த்தே ஒரு மணி நேரம் வரை நிறுத்தும். குழுவைப் பொதுவாக வைக்காமல் தனிப்பட்டதாக வைக்கவும் வேண்டும்: "இதற்கு முன் எங்கும் வெளிவராதது" என்று கேட்கும் இதழ்களுக்கு அனுப்பும் எண்ணமிருந்தால், யாரும் நுழைந்து படிக்கக்கூடிய இடத்தில் கவிதை கிடக்கக் கூடாது.

கவனமாகப் படிப்பதற்குச் சிறந்தது கூகுள் டாக்ஸ்தான், சந்தேகமில்லை. ஒரே ஒரு சொல்லைக்கூடக் குறித்து ஓரத்தில் கமெண்ட் போடலாம், அதன் கீழேயே பதில் தொடரும். ஆனால் இயல்பான அமைப்பில் விட்டால் சொதப்பும். "ஷேர்" போய், படிப்பவர்களுக்கு "கமெண்டர்" உரிமை மட்டும் கொடுக்க வேண்டும். எடிட்டர் உரிமை கொடுத்தால் நல்ல மனதோடு யாராவது வரியைத் திருத்தியே வைத்துவிடுவார்கள். கமெண்டருக்கும் "சஜஷன்" வழியாகச் சொல்லை மாற்றிப் பரிந்துரைக்க முடியும், அதை வட்டத்தின் விதியாகவே தடை செய்யுங்கள். தன் சொல்லின்மேல் கோடு விழுந்து பக்கத்தில் பிறர் சொல் வண்ணத்தில் நிற்பதைப் பார்க்கும் புதியவர், அதற்குப் பிறகு அந்த வட்டத்துக்குக் கவிதை அனுப்புவது சந்தேகம்தான். "இந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை" என்பது வரை வாசகரின் உரிமை. மாற்றுச் சொல் தேடுவது எழுதியவரின் வேலை, அவர் கேட்டால் மட்டும் கொடுக்கலாம். பெயர் தெரிய வேண்டுமானால் எல்லோரும் கூகுள் கணக்கில் உள்நுழைந்து வர வேண்டும். வெறும் லிங்க்கில் வருபவர் ஏதோ ஒரு விலங்கின் பெயரில் அநாமதேயமாக உட்கார்ந்திருப்பார்.

திருத்தும்போது பழைய வரியை அழித்து அதன்மேலேயே எழுதக் கூடாது. கமெண்ட் ஒட்டியிருந்த சொல் போய்விட்டால் கமெண்டும் ஓரத்திலிருந்து மறைந்து, கமெண்ட் வரலாற்றுக்குள் போய்விடும். முழுக் கவிதையையும் கீழே ஒரு முறை ஒட்டி, அங்கே திருத்துவது நல்லது. மேலே முதல் வடிவம் அதன் கருத்துகளோடு அப்படியே இருக்கும். பதிப்பு வரலாறு இருக்கிறதே என்றால், அது எடிட்டர்களுக்கு மட்டுமே திறக்கும், கமெண்டர்களுக்குத் தெரியாது. யாருடைய கருத்தால் எந்த வரி மாறியது என்று சொன்னவரும் பார்க்க வேண்டும். தன் சொல் ஒரு கவிதையை நகர்த்தியது என்று காண்பவர் அடுத்த வாரம் இன்னும் கவனமாகப் படிப்பார்.

டாக்ஸின் உண்மையான பலவீனம் வேறு: முதல் கமெண்ட் மற்ற எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும். வட்டத்தில் கைதேர்ந்தவர் முதலில் ஏதாவது சொல்லிவிட்டால், பின்னால் வரும் நால்வரும் "ஆமாம், எனக்கும்" என்பார்கள். ஆகவே வட்டத்துக்குப் புதியவர் முதலில், மூத்தவர் கடைசியில் என்று வரிசை வைக்க வேண்டும். தொலைபேசியில் கமெண்ட் போடுவது சற்று அவஸ்தை, டாக்ஸ் செயலியை நிறுவினால் ஓரளவு சரியாகும். ஒவ்வொரு கமெண்டுக்கும் மின்னஞ்சல் வந்து குவிவதை அறிவிப்பு அமைப்பில் குறைத்துக்கொள்ளலாம்.

ஆறு பேர் வட்டத்துக்கு இப்படி ஓட்டலாம். வாரத்துக்கு இரண்டு கவிதை, மூன்று வாரத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்று. ஒவ்வொரு கவிதைக்கும் ஒவ்வொருவரும் மூன்று கமெண்ட்: மனதில் நின்ற ஒரு வரி, தடுக்கிய ஓர் இடம், ஒரு கேள்வி. மூன்று நாள் வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் விளக்கம் சொல்லத் தொடங்குவார், படித்தவர்கள் கவிதையை விட்டுவிட்டு விளக்கத்தோடு பேசத் தொடங்குவார்கள். முதல் வாசகர் யார் என்று பெயர் சொல்லி முன்கூட்டியே ஒப்படைத்துவிடவும் வேண்டும். பதிலே வராமல் இரண்டு நாள் கிடக்கும் கவிதை, கடுமையான விமர்சனத்தைவிட அதிகமாக ஆளை விரட்டும்.

மரபுக் கவிதை எழுதுகிற வட்டங்களுக்கு அவலோகிதம் என்ற யாப்பு (செய்யுள் இலக்கண) மென்பொருளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டை உள்ளிட்டால் அசை, சீர், தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை), தொடை பிரித்து, எந்தப் பாவகை என்றும் காட்டும். இதன் பெரிய உபகாரம் நட்புக்குத்தான்: தளை தட்டுவதை, அதாவது அந்த இணைப்பு பிசகுவதைச் சொல்லும் நச்சரிப்பு வேலையை இயந்திரத்திடம் தள்ளிவிடலாம். வெண்பாவில் "பாட்டுப் பாடி" என்று வந்தால் மாமுன் நேர் (மாச்சீருக்குப் பின் நேரசை), ஆசிரியத்தளை, வெண்பாவுக்கு ஆகாது. "பாட்டுப் படித்து" என்றால் மாமுன் நிரை, வெண்டளை சரி. இதை நண்பர் வாயால் பத்து முறை கேட்டால் எழுதுவதே கசந்துபோகும். ஆனால் கருவி எழுத்தை மட்டுமே பார்க்கும். சீர்களுக்கு இடையே சரியாக இடைவெளி விட்டு இட வேண்டும், பொருளுக்காகப் பதம் பிரித்து இட்டால் முடிவு தவறாகும். "ஔ" என்ற ஓரெழுத்துக்குப் பதில் "ஒ", "ள" என இரண்டெழுத்தாகத் தட்டும் பழக்கம் இங்கே மாட்டிவிடும்: "ஔவை" தேமா (நேர் நேர்), "ஒளவை" புளிமா (நிரை நேர்) ஆகிவிடும், இல்லாத இடத்தில் தளை தட்டும். துணைக்காலுக்குப் பதில் "ர" விழுவதும் இப்படித்தான், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். தளை சரியான வெண்பாவெல்லாம் நல்ல வெண்பா ஆகிவிடாது, அங்கேதான் மனித வாசகர் தேவை.

அந்தாதித் தொடர் விளையாட மட்டும் வாட்ஸ்அப்பே போதும், வேகம் அங்கே பலம். ஒருவரது முடிவுச் சொல்லை அடுத்தவர் முதலாக எடுக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் தொடர் இரண்டாகக் கிளைக்கும். எழுதத் தொடங்கும் முன் "நான்" என்று ஒரு சொல் போட்டு இடம் பிடிப்பது வழக்கமாக வேண்டும். கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தில் வந்து மண்டலிக்க (வட்டமாக முடிய) வேண்டும் என்பதால், எத்தனை பாட்டு என்று முன்பே முடிவு செய்யாவிட்டால் தொடர் முடியாமலே தொங்கும். ஆறு பேருக்கு 12 அல்லது 18 தோதானது.

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு செய்திக்கு 2000 எழுத்துகள் என்பது பெரும்பாலான கவிதைகளுக்குப் போதும், ஒவ்வொரு கவிதைக்கும் தனி இழை திறக்கும் வசதியும் நன்று. ஆனால் பழகாதவர் உள்ளே வந்தால் எங்கே நிற்பது என்று தெரியாமல் விழிப்பார்.

நேரடியாகக் கூடி வாசிக்க, இலவசக் கணக்கில் கூகுள் மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம், ஜூம் 40 நிமிடம். ஆறு பேருக்கு மீட் சரியாக வரும்: ஆளுக்குப் பத்து நிமிடம், அதில் கவிதையை இரண்டு முறை வாசிக்க வேண்டும், இரண்டாம் முறை எழுதியவர் அல்லாத ஒருவர். அவர் தடுமாறும் இடம் எழுத்தில் உள்ள தடுமாற்றம். விருத்தத்தை இராகத்தோடு பாடிக் காட்டுபவர் இருந்தால் ஜூமில் "ஒரிஜினல் சவுண்ட்" அமைப்பை இயக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரைச்சல் நீக்கி நீட்டிப் பாடும் கார்வையை மின்விசிறி ஓசை என்று நினைத்து வெட்டிவிடும்.

ஆக எங்கள் தேர்வு: கவிதை டாக்ஸில், பேச்சு டெலிகிராமில், வாசிப்பு மாதம் ஒருமுறை மீட்டில். மூன்றும் சேர்ந்து காசு கேட்பதில்லை. டெலிகிராமுக்கு வரமாட்டேன் என்று பாதிப் பேர் நின்றால் வாட்ஸ்அப்பிலேயே இருங்கள், "2/3" முறையும் எமோஜித் தடையும் இருந்தால் ஓட்டிவிடலாம். டாக்ஸ் கோப்பு ஒருவர் கணக்கில்தான் இருக்கும், அந்தக் கணக்கு இரண்டு ஆண்டு பயன்படாமல் கிடந்தால் கூகுள் அதை நீக்கக்கூடும். அதனால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் கோப்பைப் பதிவிறக்கி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். வேர்டு வடிவில் இறக்கினால் கமெண்டுகளும் கூடவே வரும், பிடிஎஃப் என்றால் கவிதை மட்டுமே மிஞ்சும்.